மனை பார்க்கும்போது ஊரையும் பாருங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரை படித்தவள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். நம்ம பணம் போகிற விஷயம் என்பதால் பேச வந்தேன்.

சாத்தூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கரிசல் காட்டில் கலர் கல் நட்டிருக்காங்க. நாமும் குழுக் கடன், சீட்டுப் பணம், தீப்பெட்டி ஆபீஸ் சம்பளம், இருக்கிற நகை எல்லாம் சேர்த்து மூணு சென்ட் வாங்கப் பார்க்கிறோம். ஆசை தப்பில்லை. ஆனால் வீடு மட்டும் இருந்தால் போதுமா?

சென்னையில் ஆற்றங்கரைக் குடிசை மக்களை 2000-ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் மாற்றினார்கள். சிமெண்ட் வீடு கிடைத்தது, வேலை தூரமாகிப்போச்சு. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பலர் பஸ் காசுக்கும் நேரத்துக்கும் ஈடுகொடுக்க முடியாமல் வேலையை விட்டார்கள்.

அதனால் அட்வான்ஸ் கொடுக்குமுன் நாலு கேள்வி கேளுங்க.

ஒன்று, நகர் ஊரமைப்புத் துறை அனுமதி, அதாவது டி.டி.சி.பி. இருக்கா? பஞ்சாயத்து அப்ரூவல் என்று மட்டும் சொன்னால் நம்ப வேண்டாம். அனுமதி பெற்ற வரைபடத்தை வாங்கிப் பாருங்க.

இரண்டு, பூங்கா இடம் எங்கே? 10,000 சதுர மீட்டருக்கு மேல், சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், ரோடு போக மீதியில் 10 சதவீதம் பொது இடமாக விடணும். அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும். அது நம்ம பிள்ளைகள் விளையாடுகிற இடம்.

மூன்று, ஓடை, கண்மாய் வரத்துக்கால் எந்தப் பக்கம்? கோடையில் ஓடை கண்ணுக்குத் தெரியாது. எங்க பக்கம் ஒரு இடத்தில் வரத்துக்காலை மூடி மனை போட்டார்கள். மழை பெய்தபோது தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சு, கண்மாய் நிறையவே இல்லை.

நாலு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் நடக்கிற தூரமா? பட்டாசு ஆபீஸ் வேலை முடிந்து இருட்டில் இறங்குகிற பொண்ணுக்குத் தெருவிளக்கு இருக்கா?

ஒருத்தி கேட்டால் புரோக்கர் சிரிப்பார். குழுவாகப் போய் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும். கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது. பூங்கா இடம் முள்ளுக்காடாகக் கிடந்தால், யாராவது வேலி போட்டால், அங்கே மனு கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்க.

கடனை மாசம் தவறாமல் கட்டத் தெரிந்த நமக்கு, நாம குடியிருக்கப் போகிற இடத்தையும் கேட்டு வாங்கத் தெரியும்.