தூரத்து மகளுக்குத் தாய் சொல்லும் செய்தி
(ஜூபிலி விழாவையொட்டி நடந்த அன்னையர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பங்கில் மகளை வெளியூருக்கு அனுப்பாத வீடு குறைவு. சிப்காட் வேலையை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்களின் பெண்கள் இன்று சென்னையிலும், பெங்களூரிலும், வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களோடு நாம் தினமும் போனில் பேசுகிறோம். ஆனால் என்ன பேசுகிறோம்? "சாப்பிட்டாயா? பிள்ளைக்குச் சளி போயிற்றா? சரி, வைக்கிறேன்." இதற்குமேல் எத்தனை பேர் போகிறோம்?

ஊர்ச் செய்தி சொல்ல இனி அம்மா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. தேவ கிருபையால் உயிர்ச்சேதம் இல்லை. தடம்புரண்ட பெட்டிகளின் படங்களை, நாம் விவரம் அறியுமுன்னே, கடல் கடந்த பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். உண்மைதான். ஆனால் அந்த இரவு நம் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை ரயிலில் வரவேண்டியவன், யார் விடிய விடிய வாசலில் நின்றது, யார் செபமாலை சொல்லிக் கொண்டிருந்தது என்பதெல்லாம் எந்தப் படத்திலும் வராது. அது அம்மா சொல்லவேண்டிய செய்தி.

இன்லண்டு காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நம் நாட்டில் 1950-ல் வந்த அந்த நீலத்தாளின் தலையில் "சேசு மரி சூசை" என்று எழுதி, "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்குவோம். ஆடு குட்டி போட்டது, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஓலை வாசித்தது, கோயில் கொடியேற்றத்தன்று மழை பிடித்துக்கொண்டது எல்லாம் எழுதி, இடம் போதாமல் மடிப்பின் ஓரத்திலும் நுணுக்கி எழுதுவோம். எழுதத் தெரியாத தாய்மார் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லி எழுதுவித்தார்கள். (அந்தப் பிள்ளைகளுக்கு ஊர் ரகசியமெல்லாம் அத்துபடி!)

இப்படி எழுதிய ஒரு தாயைத் திருச்சபை அர்ச்சிஷ்டவர்கள் வரிசையிலே வைத்திருக்கிறது. சிறுமலர் தெரேசம்மாளின் தாயாராகிய செலி அம்மையாரைத்தான் சொல்கிறோம். பிரான்சு நாட்டு அலான்சோன் என்னும் சிற்றூரில் லேஸ் பின்னும் தொழில் நடத்தி, பெண்களுக்கு வேலை கொடுத்தவர். கணவர் லூயி மார்ட்டின் கடிகாரத் தொழிலாளி. மூத்த பெண்கள் மரியும் பவுலினும் லெ மான் நகரில் விசிட்டேஷன் கன்னியரிடம் தங்கிப் படித்தார்கள். தூரம் ஏறத்தாழ நமக்கும் சென்னை சென்ட்ரலுக்கும் உள்ளதுதான். ஆனாலும் மகள் கண்ணுக்கு மறைந்தால் எல்லாம் தூரந்தானே! அவர் உறவினருக்கும் மகள்மாருக்கும் எழுதியவற்றில் 200க்கு மேற்பட்ட கடிதங்கள் இன்றும் உள்ளன.

அவற்றில் பெரிய ஞானோபதேசத்தைத் தேடுபவர்கள் ஏமாறுவார்கள். லேஸ் வேலை தலைக்குமேல் இருக்கிறது, கடைக்குட்டி மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று அம்மா என்று கூப்பிடுகிறாள், பதில் கொடுக்காவிட்டால் அந்தப் படியிலேயே நின்றுவிடுகிறாள் என்பவை போன்ற சங்கதிகள்தாம்.

அந்தக் கடைக்குட்டிக்கு நாலரை வயதாகும்போது, 1877 ஆகஸ்டு 28-ந் தேதி, தாய் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். பிற்காலத்தில் லிசியே மடத்தில் தம் வரலாற்றை எழுத உட்கார்ந்த தெரேசம்மாள், தம் மழலைப் பருவத்தை எழுத, அக்காள் பவுலினுக்கு அம்மா எழுதிய கடிதங்களைத் துணையாகக் கொண்டார். ஒரு மகளுக்கு எழுதியது இன்னொரு மகளுக்குத் தாயைத் திருப்பிக் கொடுத்தது. போனில் நாம் பேசுவதில் எது தங்கும்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், தாய்மார்களே. நோய் கடுமையானது என்று வைத்தியர் சொன்னபோது செலி அம்மையார் அதை வீட்டாரிடம் மறைக்கவில்லை. 1877 ஜூன் மாதம் மூன்று மகள்மாரோடு லூர்து நகருக்கு யாத்திரை போய், குணமின்றித் திரும்பினார்.

நாமோ? அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும் "எல்லாரும் சுகம்" என்கிறோம். பிள்ளை கவலைப்படுமே என்ற பாசம்தான். ஆனால் அங்கே மகளும் இதே பாடத்தைக் கற்றுக்கொள்கிறாள். புகுந்த வீட்டில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து, "சுகமாயிருக்கிறேன் அம்மா" என்கிறாள். இருபுறமும் சுகம் சுகம் என்று சொல்லி, இருவரும் தனித்தனியே துன்பப்படுகிறோம். மகளுக்கு வாய் திறக்கத் துணிவு வரவேண்டுமானால், முதலில் திறக்க வேண்டியது தாயின் வாய் என்றே நாம் எண்ணுகிறோம்.

நம் ஊர் முகாமிலுள்ள இலங்கைத் தமிழ்த் தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். சண்டைக் காலத்தில், கடிதம் சேருமா சேராதா என்று தெரியாமலே பிள்ளைகளுக்கு எழுதியவர்கள் அவர்களுள் உண்டு. இறப்புச் செய்தியையும் பிறப்புச் செய்தியையும் ஒரே தாளில் எழுத வேண்டியிருந்தவர்கள் அவர்கள்.

பவுலின் கன்னியர் மடத்தில் தாய்த் தலைவியாகி, 1951-ல் தம் 89-ஆம் வயதில் காலமானார். தாயும் தந்தையும் 2015 அக்டோபர் 18-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களால் ஒருங்கே புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்கள்.

ஜூபிலிக்கு வரமுடியாத மகள்மார் நம்மில் பலருக்கு உண்டு. அவர்களுக்கு இந்த வாரம் ஒரு தாள் எழுதுவோம். கொடியேற்றம், தேர், அசனம், யார் யார் வந்தார்கள், யார் இல்லாமற் போனார்கள், அப்பாவின் மாத்திரை விவரம் உட்பட எல்லாம் எழுதுவோம். அனுப்புநர் விலாசத்தில் 601201 என்ற பின்கோடை மறவாதீர்கள். பதில் வரவேண்டுமல்லவா?