பாசறைதான் பெரிய சோதனை!

(பட்டிமன்றத் தலைப்பு: படைவீரனுக்குப் பெரிய சோதனை போர்க்களமா? பாசறையா? ‘பாசறையே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னாலே பேசிய சகோதரி கார்கிலைச் சொன்னார்கள். 1999-இல் அங்கே உயிர் கொடுத்த நம்முடைய மேஜர் சரவணனைச் சொன்னார்கள். 2014-இல் காஷ்மீரத்திலே வீழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனைச் சொன்னார்கள். அம்மா, அந்தப் பெயர்களைச் சொன்னதும் இந்த அரங்கமே எழுந்து நின்றது. நானும் எழுந்து நின்றேன். அந்த வீரத்தோடு வாதாட எனக்கு வாயும் கிடையாது, தகுதியும் கிடையாது.

ஆனால் நடுவர் அவர்கள் கொடுத்த தலைப்பு என்ன? ‘பெரிய வீரம் எது’ என்பதா? இல்லை. ‘பெரிய சோதனை எது’ என்பது. தேர்வு எழுதுகிற மூன்று மணி நேரம் சோதனையா, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மூன்று மாதம் சோதனையா? பிள்ளையைப் பெற்றவர்கள் சொல்லட்டும்! (கைதட்டல்)

ஒரு கணக்குப் போடுவோம். 1971 போர் எத்தனை நாள்? டிசம்பர் 3-ஆம் தேதி தொடங்கி 16-ஆம் தேதி டாக்காவிலே சரணாகதி. பதின்மூன்று நாள். 1962 போர் ஒரு மாதம். கார்கில் இரண்டரை மாதம். 1947-48, 1965, 2025 மே மாதத்து நான்கு நாள், எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினாலும் இரண்டு வருஷத்துக்குள்ளே அடங்கிவிடும். நடுவிலே சியாச்சின் உண்டு, 1987 முதல் 1990 வரை இலங்கை உண்டு, தீவிரவாதிகளோடு மோதல் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் 1971 முடிந்த பிறகு சேர்ந்து, 1999 வருவதற்கு முன்னே பென்ஷன் வாங்கிக்கொண்டு, ஒரு குண்டுச் சத்தம்கூடப் பகைவன் பக்கத்திலிருந்து கேட்காமலே வீடு திரும்பியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களுக்காகப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன். அவர்களிலே ஒருவர் என் சொந்தச் சித்தப்பா.

சித்தப்பா 1973-இலே பட்டாளத்திலே சேர்ந்தார். பதினெட்டு வயசு. தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. முதல் நாள் பரேடு. உஸ்தாத் வந்து நின்று, ‘சாவ்தான்!’ என்று கத்தியிருக்கிறார். இந்தியிலே ‘கவனமாக நில்’ என்று அர்த்தம். நம்ம ஆளுக்கு எப்படிக் கேட்கும்? ‘சாவுதான்!’ வந்த முதல் நாளே இப்படிச் சொல்றானே என்று கண்ணிலே தண்ணீர் வந்துவிட்டதாம். (சிரிப்பு) அதைத் தாண்டி நடக்க ஆரம்பித்தால், கொஞ்ச தூரம் போனதும் உஸ்தாத், ‘தம்!’ என்றார். ‘நில்’ என்று பொருள். சித்தப்பாவுக்குப் பக்கத்திலே நின்ற திருநெல்வேலிப் பையன் மெதுவாகக் கேட்டானாம், ‘அண்ணே, நல்ல மனுஷனா இருக்காரே, நடுவுல தம் அடிக்கச் சொல்றாரே!’ (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பை மட்டும் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் வருஷங்களைக் கழித்தார்கள்.

அங்கே பொழுது எப்படிப் போகும்? காலையிலே விசில். ஓட்டம். பூரி கிழங்கு. பரேடு. துப்பாக்கியைத் துடை. நேற்றுத் துடைத்த துப்பாக்கிதான், சுடவே இல்லை, ஆனாலும் துடை. சாயங்காலம் விளையாட்டு. அப்புறம் ரோல்கால். காலையிலே இருந்த ஆள் எல்லாம் இருக்கிறானா என்று எண்ணுவார்கள். எங்கே போவான் பாவம்! பிறகு ரொட்டி, பருப்பு. ஊரிலே ‘மிலிட்டரி ஓட்டல்’ என்று போர்டு பார்த்தால் நாம் பிரியாணியை நினைக்கிறோம். சித்தப்பா மட்டும் பருப்பை நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பெரிய தளபதி பார்வையிட வருகிறார் என்று வையுங்கள். பத்து மணிக்கு வருகிறார். கர்னல் சொல்வார், ‘ஒன்பதே முக்காலுக்கு எல்லாரும் தயாராக இருக்கணும்.’ மேஜர் அதை ஒன்பதரை ஆக்குவார். சுபேதார் ஒன்பது ஆக்குவார். ஹவில்தார் எட்டு ஆக்குவார். அவருக்குக் கீழே இருக்கிற நாயக், ‘எதுக்கு வம்பு’ என்று ஏழு ஆக்குவார். ஆக, சிப்பாய் ஏழு மணியிலிருந்து கஞ்சி போட்ட சட்டையோடு வெயிலிலே நிற்கிறான். பத்தே காலுக்குச் செய்தி வரும்: ‘தளபதி நாளைக்கு வருகிறார்!’ (சிரிப்பு) எதிரணி நண்பர்களே, போர்க்களத்திலே பகைவனாவது சொன்ன நேரத்துக்கு வருவான்!

அப்புறம் ஒரு வேதவாக்கு உண்டாம் அங்கே. ‘அசைந்தால் சல்யூட் அடி, அசையாவிட்டால் சுண்ணாம்பு அடி.’ மரம் நின்றால் அடியிலே காவி, மேலே சுண்ணாம்பு. பாதை ஓரத்துக் கல்லுக்கெல்லாம் காவி, சுண்ணாம்பு. நம்ம ஊர்க் கோயில் மதில் மாதிரி. பதினெட்டு வருஷம் இந்தப் பழக்கம் கையிலே ஊறிவிட்டது. லீவிலே வந்தவர் சும்மா இருக்க முடியாமல், ஒருநாள் விடிகாலையிலே எழுந்து எங்கள் கொல்லையிலே கிடந்த ஆட்டுக்கல்லுக்குக் காவியும் சுண்ணாம்பும் பட்டை பட்டையாக அடித்துவிட்டார். எங்கள் பாட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்தாள். ராத்திரியோடு ராத்திரியாகச் சாமி வந்து இறங்கிவிட்டது என்று சூடம் ஏற்றிவிட்டாள்! (பலத்த சிரிப்பு) அன்றைக்கு எங்கள் வீட்டிலே இட்லி கிடையாது. சாமி தலையிலே எப்படி மாவு ஆட்டுவது?

கடிதத்தை மறந்துவிடக் கூடாது. எல்லைப் பக்கம் போய்விட்டால் முகவரியிலே ஊர்ப் பெயர் இருக்காது. ‘56 ஏ.பி.ஓ.’ என்று இருக்கும். எங்கள் பாட்டி அதை ஓர் ஊர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவிலே இன்னொரு பையனும் பட்டாளத்திலே இருந்தான். அவனுக்கும் 56 ஏ.பி.ஓ. சித்தப்பா லீவிலே வந்ததும் பாட்டி பிடித்துக்கொண்டாள், ‘ஏண்டா, ரெண்டு பேரும் ஒரே ஊர்லதானே இருக்கீங்க? அந்தப் புள்ளைய ஒருநாள் போய்ப் பார்த்து, சாப்பிட்டியான்னு கேட்டா என்ன?’ அவன் இருந்தது ராஜஸ்தான் மணலிலே. இவர் இருந்தது காஷ்மீரப் பனியிலே.

பிறகு மாற்றலாகி ‘பீஸ் ஸ்டேஷன்’ வந்தார். பீஸ் என்றால் அமைதி. குடும்பத்தோடு இருக்கலாம். சித்திக்கு எழுதினார், ‘பீஸ் ஸ்டேஷன் கிடைத்துவிட்டது.’ சித்தி பதில் போட்டாள், ‘என்னங்க, பீஸ் எவ்வளவு கட்டணும்? வளையலை வைக்கட்டுமா?’ (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இதுவரைக்கும் சிரித்தோம். இனி நான் சொல்லப்போவதுக்குச் சிரிக்க முடியாது.

1991-இலே ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். கறுப்பு டிரங்குப் பெட்டி, அதிலே வெள்ளை எழுத்திலே நம்பரும் பேரும். நான் அப்போது கல்லூரி மாணவன். ஒருநாள் சாயங்காலம் அவரோடு டீக்கடைக்குப் போனேன். கடையிலே ஒருத்தர் கேட்டார், ‘ஏங்க, பதினெட்டு வருஷம் பட்டாளம்! எத்தனை பேரைச் சுட்டீங்க?’ கடையே திரும்பிப் பார்த்தது. சித்தப்பா ஒரு மிடறு டீயைக் குடித்துவிட்டு ஆரம்பித்தார். 1971... கிழக்கு வங்காளம்... இருட்டு... ஒரு ஆறு... கழுத்தளவு தண்ணீர்... தலைக்கு மேலே துப்பாக்கி. ஒவ்வொருவர் வாயும் திறந்தபடி இருந்தது. அன்றைக்கு டீக்கு எங்களிடம் காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. படித்த திமிர். ‘சித்தப்பா, நீங்க சேர்ந்ததே 73-லதானே?’

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு சொன்னார்: ‘ஆமாடா. அது எங்க சுபேதாரோட கதை. பதினெட்டு வருஷம் ஸ்டோர்ல கம்பளி எண்ணினேன்னு சொன்னா, எவன்டா டீ வாங்கித் தருவான்?’

(அமைதி)

அவர் வேலை அதுதான். துணிமணி, பூட்ஸ், கம்பளி இருக்கிற கிடங்கிலே ஸ்டோர்மேன். ஒரு வருஷம் பனிக்காலத்துக்கு முன்னே மலைக்குப் போக வேண்டிய பூட்ஸ் வந்து இறங்கியது. எண்ணிக்கை சரி. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. இவர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு ஜோடியிலே இரண்டுமே இடது கால். ராத்திரி முழுக்க உட்கார்ந்து, எல்லாப் பெட்டியையும் பிரித்து, ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் பார்த்து, ஜோடி சேர்த்துக் கட்டியிருக்கிறார். ‘மேல நிக்கிறவன் காலுக்குப் பூட் சரியா இல்லேன்னா, பனியில விரல் கறுத்துப் போயிடும்டா. வெட்டித்தான் எடுக்கணும். அந்த ராத்திரி நான் எத்தனை விரலைக் காப்பாத்தினேன்னு எனக்கே தெரியாது. ஆனா அதை எந்த டீக்கடையில போய்ச் சொல்றது?’

எதிரணி நண்பர்களே, போர்க்களத்திலே பயம் துணைக்கு இருக்கும். கோபம் துணைக்கு இருக்கும். பக்கத்திலே விழுந்த நண்பனுடைய ரத்தம் துணைக்கு இருக்கும். நாடே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கிடங்கிலே அந்த ராத்திரி அவருக்கு எது துணை? ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு. யாரும் பார்க்காத இடத்திலே, யாரும் பாராட்டாத வேலையை, சலிக்காமல் சரியாகச் செய்கிறானே, அந்தச் சோதனையை விடவா பெரிய சோதனை? (பலத்த கைதட்டல்)

இது நான் இன்றைக்குக் கண்டுபிடித்த நியாயம் இல்லை. பத்துப்பாட்டிலேயே சின்னப் பாட்டு நப்பூதனாருடைய முல்லைப்பாட்டு. 103 அடி. அதிலே ஒரு பாசறையைக் காட்டுகிறார். வாள் வீச்சைப் பெரிதாகக் காட்டவில்லை. எதைக் காட்டுகிறார் தெரியுமா? தூக்கக் கலக்கத்திலே பூங்கொடி மாதிரி ஆடி ஆடிக் காவல் நிற்கிற கிழவர்களைக் காட்டுகிறார். நாழிகை வட்டிலைப் பார்த்து நேரம் சொல்கிறவர்களைக் காட்டுகிறார். அணைந்த விளக்கைத் திரும்பத் திரும்ப ஏற்றுகிற பெண்களைக் காட்டுகிறார். தின்ன மறுக்கிற யானையைப் பாகர்கள் வடமொழியிலே அதட்டித் தின்ன வைக்கிறார்கள். பார்த்தீர்களா, அன்றைக்கே பட்டாளத்திலே கட்டளை வடமொழியிலேதான்! (சிரிப்பு)

அந்தப் பாட்டின் திணை முல்லை. முல்லைக்கு உரிப்பொருள் என்ன? இருத்தல். காத்திருத்தல்! படையெடுத்துப் போவது வஞ்சித்திணை. அந்த வஞ்சியை எந்த அகத்திணைக்குப் புறமாக வைக்கிறார் தொல்காப்பியர்? முல்லைக்கு. படையெடுப்பும் காத்திருப்பும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம் என்று நம் இலக்கணமே சொல்கிறது.

வள்ளுவர் 769-ஆம் குறளிலே மூன்றைச் சொல்கிறார். தேய்ந்து சிறுத்துப் போவது, மனசை விட்டு நீங்காத வெறுப்பு, வறுமை. இந்த மூன்றும் இல்லாவிட்டால் படை வெல்லும் என்கிறார். நடுவர் அவர்களே, இந்த மூன்றிலே எது பகைவன் கொண்டுவந்து போடுவது? மூன்றுமே பாசறையிலே, சும்மா இருக்கிற நாளிலே, உள்ளிருந்து முளைக்கிற பகை. அதை வென்ற படைதான் வெளியிலே வெல்லும். போர்க்களத்துப் பதின்மூன்று நாள் வெற்றி, பாசறையின் பல ஆயிரம் நாளிலே தயாராகிறது.

மணி அடித்துவிட்டீர்கள். சித்தப்பாவாக இருந்தால் முதல் மணிக்கே சாவ்தானில் நின்றிருப்பார். நான் இன்னும் ஒரே வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். (சிரிப்பு)

சித்தப்பா இன்றைக்கு இல்லை. அந்த டீக்கடையிலே அவர் கடைசி வரைக்கும் 1971 கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதன் பிறகு ஒருநாளும் குறுக்கே பேசவில்லை. பொய் சொன்னது அவர்தான். ஆனால் சொல்ல வைத்தது யார்? ‘எத்தனை பேரைச் சுட்டீங்க’ என்று மட்டுமே கேட்கத் தெரிந்த நாம்தான்.

உங்கள் தெருவிலேயும் ஒரு முன்னாள் ராணுவத்தினர் இருப்பார். வங்கி வாசலிலே காவலுக்கு நிற்பார். நாளைக்கு அவரைப் பார்த்தால், எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். ‘ஐயா, சண்டை இல்லாத நாளில் என்ன வேலை பார்த்தீங்க?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஒரு டீயும் வாங்கிக் கொடுங்கள். அவர் கம்பளி எண்ணிய கதையைச் சொல்லட்டும். அந்தக் கதைக்கும் ஒரு டீ உண்டு என்று தெரிந்தால், பொய் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இருக்காது.

படைவீரனுக்குப் பெரிய சோதனை பாசறையே, பாசறையே என்று நல்ல தீர்ப்பைத் தருமாறு நடுவர் அவர்களை வேண்டி அமைகிறேன்.  (நீண்ட கைதட்டல்)