குப்பையும் மண்ணுக்கு உணவே
(மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வீட்டுத் தோட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி பணித்தீர்கள். தோட்டத்துக்குப் போகுமுன் குப்பையைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகின்றேன்.

2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். நம் நாட்டு வீடுகளிற் சேரும் கழிவிற் பாதிக்கு மேற்பட்டவை மரக்கறித் தோலும் எஞ்சிய சோறும் இலை தழையுமே. மண்ணுக்கு உணவாக வேண்டிய இவை, பொலித்தீனோடு கலந்து மலையாகக் குவிந்தால் உயிர் குடிக்கின்றன. கலந்தால் நஞ்சு, பிரித்தால் பசளை. இதுவே யான் சொல்ல வந்தது.

யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு இது புதுமையன்று. பூவரசங் குழையும் பனையோலையும் மண்ணில் தாழ்த்தியே நம் முன்னோர் தோட்டஞ் செய்தனர். பின்னர் யூரியா வந்தது, குழை மறந்தது. அளவின்றி இட்ட உரம், மலகூடக் குழிகளின் கசிவோடு சேர்ந்து, சுண்ணக்கற் பாறையினூடு இறங்கிக் கிணற்று நீரில் நைத்திரேற்றாகக் கலந்தது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் குடாநாட்டுக் கிணறுகள் பல தாண்டியுள்ளன.

அப்படியாயின் செயற்கை உரத்தை ஒரே நாளில் தள்ளிவிடலாமா? 2021இல் அரசு அதன் இறக்குமதியைத் திடீரெனத் தடுத்தது, விளைச்சல் வீழ்ந்தது, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை நீங்கியது. மண்வளம் கட்டளையால் வருவதன்று. ஆண்டாண்டாகக் குழை மக்கி வருவது.

ஆகவே வீட்டிலிருந்து தொடங்குவோம். கிணற்றுக்கு எட்டத்தில், மரநிழலில், மூன்றடிச் சதுரமாகக் கிடுகால் ஒரு கூடு அடையுங்கள். மரக்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை ஆகிய ஈரக் கழிவு ஒரு பங்குக்குச் சருகு இரண்டு மூன்று பங்காக மாறி மாறிப் பரப்பி, இடையிடையே சிறிது சாணமோ மேல்மண்ணோ தூவுங்கள். கையிற் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி சொட்டும் ஈரம் போதும். இரு வாரத்துக்கு ஒருமுறை கிளறினால் காற்றுப் புகும், நாற்றம் எழாது. மூன்று நான்கு மாதத்தில், மழை பெய்த மண்ணைப்போல் மணக்கும் கறுத்த பசளை கிடைக்கும். விறகுச் சாம்பல் சிறிதளவே இடுக. எண்ணெய்ப் பண்டமும் நோயுற்ற செடியும் சேர்க்கலாகாது.

தென்னம் பொச்சைத் தென்னையைச் சுற்றிப் புதைத்தால் கோடையில் ஈரங் காக்கும். சிரட்டையில் நாற்று வளர்க்கலாம். ஆனால் அடியிலே துளையிட மறவாதீர்கள். நீர் தேங்கிய சிரட்டை டெங்கு நுளம்புக்குத் தொட்டில்.

நம் கோயில்களிலும் அன்னதானத்து வாழையிலையும் களைந்த மாலையும் குவிகின்றன. நைலோன் நூலை அகற்றி அவற்றையும் மக்கவிட்டு, நந்தவனத்துக்கே இடலாமே! நேற்றுச் சாத்திய பூ, நாளை பூக்குஞ் செடிக்கு உணவாகட்டும்.

இளைஞர்காள்! இன்றிரவே அடுக்களையில் ஒன்றுக்கு இரண்டாக வாளி வையுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு வரும்போது, உங்கள் குப்பையில் விளைந்த ஒரு கத்தரிக்காயேனும் கொண்டு வாருங்கள். எனக்கு அதுவே பொன்னாடை.