கழுத்துச் சுரப்பியும் பிறபொருளெதிரியும்



கெலிஓயாவில் வாழும் ஒரு தாயை மனக்கண்ணிற் காணுங்கள். சில மாதங்களாக அவருக்கு ஓயாத களைப்பு, உடல் பருக்கிறது, தலைமயிர் உதிர்கிறது. கண்டிக்குச் சென்று இரத்தம் சோதித்தார். தைரொயிட் பிறபொருளெதிரி மிகுதி என்கிறது சோதனைத் தாள். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. அத்தாள் உண்மையிற் கூறுவது யாது?

பிறபொருளெதிரி என்பது கிருமிகளை எதிர்க்க உடல் ஆக்கும் காவற்பொருள். சிலவேளை அக்காவல் வழிதவறி, கழுத்தின் முன்புறமுள்ள தைரொயிட் சுரப்பியையே பகையெனக் கொள்கிறது. இதனால் விளையும் நோயை 1912-இல் ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ விவரித்தார்.

மலைநாட்டிற் கண்டக்கழலை பழைய நோய். அதனைத் தடுக்க 1995-இல் உப்பில் அயடீன் சேர்ப்பது நாடெங்கும் நடைமுறையாயிற்று. 2000-இல் வெளியான ஆய்வொன்று, 11 முதல் 16 வயதுவரையான இலங்கை மாணவியரிடையே இப்பிறபொருளெதிரி மிகுந்திருப்பதைக் கண்டது. அயடீன் காரணமாகுமோ எனவும் வினவியது. ஆயினும் அவர்களிற் பெரும்பாலோரின் சுரப்பி செவ்வனே தொழிற்பட்டது. இதற்கஞ்சி அயடீன் உப்பைக் கைவிடலாகாது. அயடீன் குறைவு கருவிலுள்ள சிசுவின் மூளையைத் தாக்கும்.

ஆகவே பிறபொருளெதிரி ஓர் எச்சரிக்கையே, தீர்ப்பன்று. சுரப்பியின் நிலையை உரைப்பது ரீ.எஸ்.எச். என்னும் அளவு. சுரப்பி தளர்ந்தால், அதனைத் தூண்ட மூளையடியிலுள்ள கபச்சுரப்பி இதனை மிகுதியாகச் சுரக்கும். இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டுகள் நடந்த ஆய்வில், பிறபொருளெதிரி இருந்தும் ரீ.எஸ்.எச். சீராயிருந்த பெண்களுள் ஆண்டுக்கு நூற்றுக்கு இருவரளவிலேயே சுரப்பி தளர்ந்தது. அத்தகையோருக்குப் பொதுவாக மாத்திரை வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு சோதனை போதும். கருவுற்றோரும் கருவுற விரும்புவோரும் மாத்திரம் தாமதியாது வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

களைப்பும் மயிருதிர்வும் இரத்தச்சோகையாலும் வரும். களைப்பு உறக்கக்குறைவாலும் வரும். பழியைச் சுரப்பிமேற் சுமத்திவிட்டு அவற்றை ஆராயாது விடுவது தவறு. குளிர் தாங்காமை, மலச்சிக்கல், வறண்ட தோல், மிகுந்த மாதப்போக்கு என்பனவும் சேர்ந்தால் அவற்றையும் வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும்.

சுரப்பி தளர்ந்ததென உறுதியானால் தைரொக்சின் மாத்திரை உண்டு. அதனை வெறும் வயிற்றில், தண்ணீருடன், காலைத் தேநீருக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னதாக உட்கொள்ளல் நன்று. உடல் தேறியதென்று தாமாக நிறுத்தலாகாது.

அத்தாய் மறுநாட் கேட்கவேண்டிய வினா ஒன்றே: "டொக்டர், என் ரீ.எஸ்.எச். எவ்வளவு?" அவ்விடை கிடைத்தபின் அஞ்சுவதா அமைவதா எனத் துணியலாம்.