காவல் காப்போரைக் காப்போம்



வைத்தியர்களுக்குக் கணினியில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நாங்கள் பேச வந்ததும் நோய்த் தடுப்புப் பற்றித்தான்.

சி மொழியில் எழுதிய செய்நிரல் லினக்ஸில் ஒழுங்காக ஓடும். மாக்கிலோ விண்டோஸிலோ தடுமாறும். ஒரு பணிசெயல் முறைமையில் தேவையான சார்பு இருக்காது. இன்னொன்றில் இருந்தாலும் பிழையாக நடக்கும். இந்த வேறுபாடுகளைச் சமாளிக்கவே குனுலிப் என்ற திறந்த மூலத் தொகுப்பு இருக்கிறது. எந்த முறைமையில் எந்தச் சார்புக்கு என்ன குறை என்பதைக் குறித்து, மாற்றும் எழுதி வைக்கிறார்கள் அதன் பராமரிப்பாளர்கள். செய்நிரலைக் கட்டும்போது முதலில் சோதனை நடக்கும். குறை கண்டால் மாத்திரம் மாற்றுச் சேரும். பரிசோதித்த பின்பே மருந்து என்பது எங்களுக்கும் பழகிய முறைதான்.

அவர்களுள் ஒருவரான போல் எகெர்ட் உலக நேர வலயத் தரவுகளையும் பேணுகிறார். 2006 இல் எங்கள் நாட்டு மணி அரை மணித்தியாலம் பின்னுக்குப் போனதும் அங்கே பதிவாகியிருக்கிறது.

இந்த வேலை சரியாக நடந்தால் வெளியே எதுவும் தெரியாது. வராத நோய்க்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

எக்ஸ்.இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளை ஒருவர் ஊதியமின்றி, ஏறக்குறையத் தனியாகப் பேணி வந்தார். அவர் களைத்திருந்த காலத்தில் உதவிக்கு வந்த ஒருவர், ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கை தேடி, முடிவில் இரகசியக் கதவொன்றை அதற்குள் வைத்தார். அதன் தொடக்கக் கட்டளைகள், எல்லாரும் நம்பிச் சேர்க்கும் குனுலிப் கோப்பொன்றின் திருத்திய பிரதிக்குள் ஒளிந்திருந்தன. குனுலிப்பில் குறையில்லை, அதன் நற்பெயர் முகமூடியாயிற்று. 2024 மார்ச்சில் அன்ட்ரெஸ் ஃபுரொயின்ட் என்ற பொறியியலாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரைச் செக்கன் கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். சிறிய அறிகுறிதான், அவர் விடவில்லை. பெரும்பாலான கணினிகளைச் சென்றடையுமுன் அது பிடிபட்டது.

தொற்று நுழைந்த வாசல் ஒரு மனிதரின் களைப்பு. இரவுக் கடமையை ஒருவர் தலையிலேயே தொடர்ந்து சுமத்தினால் என்ன ஆகும் என்பது வைத்தியசாலைகளில் நாங்கள் அறிந்ததே.

மென்பொருள் துறையிலுள்ள சகோதரிகளே, உங்கள் நிறுவனம் இலவசமாக எடுத்துப் பயன்படுத்துவதை யார் பேணுகிறார், எத்தனை பேர், அவர்களுக்கு ஓய்வுண்டா என்று கேளுங்கள். பிழையை ஒழுங்காக அறிவிப்பதும், சோதனை எழுதிக் கொடுப்பதும், நிறுவனத்தைப் பணம் கொடுக்கச் சொல்வதும் உதவியே. அவசரப்படுத்தும் கடிதம் உதவியாகாது.

நூறு ஆண்டுகளாக இந்தப் பாடசாலையைத் தாங்கிய பலரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்களிடம் வளர்ந்த எங்களுக்கு, கண்ணில் படாத உழைப்பைத் தேடிப் பார்த்துத் தோள் கொடுக்கும் கடமை உண்டு.