பின் ஆக்ஸில் விகிதம்: மாரிஸ் மைனர் கற்பித்த பாடம்

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

என் தகப்பனாரின் மாரிஸ் மைனர் 948 சி.சி. எஞ்சின் கொண்டது. பின் ஆக்ஸில் விகிதம் 4.55. அதாவது, சக்கரம் ஒரு முறை சுற்ற, புரொப்பெல்லர் ஷாஃப்ட் நாலரை முறைக்குச் சற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் எஞ்சின் இரைச்சல் பொறுக்காமல், 1098 சி.சி. மைனருக்கு உரிய 4.22 கிரௌன், பினியனை வாங்கி மாட்டினேன்.

சமதரையில் சுகம்தான். அதே வேகத்துக்கு எஞ்சின் சுழற்சி 7 சதவீதம் குறைந்தது. சக்கரத்தின் இழுவையும் அதே அளவு குறையும் என்பதை மறந்துவிட்டேன். மும்பையிலிருந்து புனே திரும்பும்போது, போர் காட் ஏற்றத்தில் மூன்றாவது கியர் இழுக்கவில்லை. இரண்டாவதிலேயே ஊர்ந்ததில் ரேடியேட்டர் கொதித்தது. எண்பது வயதுத் தகப்பனாரைச் சாலையோரக் கல்லில் உட்கார வைக்க நேர்ந்தது. "வண்டி சரியாகத்தானேடா இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

1962-இல் 4.22 விகிதத்தைக் கொடுத்தவர்கள் பெரிய எஞ்சினையும் சேர்த்தே கொடுத்தார்கள். நான் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மலைப் பாதையும் சுமையும் உண்டென்றால் பழைய விகிதமே உத்தமம். மாற்றித்தான் தீருவேன் என்பவர்கள் ஸ்பீடோமீட்டரையும் திருத்திக்கொள்ளுங்கள். மைனரில் அது கியர்பாக்ஸிலிருந்து இயங்குவதால், முள் 60 காட்டும்போது உண்மை வேகம் ஏறக்குறைய 65.

என் வண்டியில் மறுபடியும் 4.55 ஏறிவிட்டது. தகப்பனாரும் முன் ஸீட்டில் ஏறிவிட்டார்.