மோட்டார் காப்பீடு: சில தவறான எண்ணங்கள்

(மும்பை டிராம்பேயை அடுத்த சீத்தா கேம்ப்பில், தமிழ் ஓட்டுநர்கள், வாகன உரிமையாளர்கள் ஆகியோரிடையே ஆற்றிய உரை)



வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று யாரைக் கேட்டாலும் "இருக்கிறது" என்ற விடை உடனே கிடைத்துவிடுகிறது. எதற்கு இருக்கிறது, யாருக்காக இருக்கிறது, யாருடைய பெயரில் இருக்கிறது என்று அடுத்த வினாக்களைத் தொடுத்தால்தான் தயக்கம் பிறக்கிறது. அத்தயக்கம் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஆவணம் என்பதன் மதிப்பை இந்தக் குடியிருப்பின் மூத்தோருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டு, ஜனதா காலனி அகற்றப்பட்டு மக்கள் இங்கே குடியமர்த்தப்பட்டனர். ஒரு காகிதம் எவர் பெயரில் உள்ளது என்பது ஒரு குடும்பத்தின் வாழ்வில் எத்துணை பெரிய வேறுபாட்டை விளைவிக்கும் என்பதை அவர்கள் அன்றே கண்டவர்கள். மோட்டார் காப்பீடும் அத்தகையதொரு காகிதமே.

முதலாவதாக, காப்பீடு என்பது போலீஸ்காரரிடம் காட்டுவதற்கான சீட்டு என்ற எண்ணம். காப்பீடின்றி வண்டி ஓட்டினால் முதன்முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை வகுத்துள்ளது. ஆனால், சட்டத்தின் நோக்கம் அபராதம் வசூலிப்பதன்று. இங்கிலாந்தில் 1930ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாம் தரப்பினர்க்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம்பெற்ற இவ்விதி, 1946 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இன்றுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே தொடர்கிறது. சாலையில் நடந்து செல்பவர் மோதுண்டு மாண்டால், அவர் குடும்பத்திற்குக் கிடைக்க வேண்டிய ஈடு வண்டிக்காரரின் வசதியைப் பொறுத்ததாக இருத்தலாகாது என்பதே இதன் அடிப்படை. கட்டாயமாக்கப்பட்ட காப்பீடு உங்கள் வண்டிக்காக அன்று. நீங்கள் முன்பின் கண்டிராத ஒருவருக்காக.

அந்த ஈடு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பொருளாதாரம் பயின்றவன் கணக்கின்றிப் பேசுவது பொருந்தாது அல்லவா? முப்பது வயதுடைய கொத்தனார் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் ஈட்டி வந்தார் எனக் கொள்வோம். மனைவியும் இரு குழந்தைகளும் தாயும் அவரை நம்பி வாழ்கின்றனர். உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்தளித்த முறைப்படி, நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழிலாளியின் வருவாயோடு எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்ட வேண்டும்; 21,000 ஆகிறது. அவருடைய சொந்தச் செலவுக்கென நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000 ரூபாய். அவர் வயதுக்குரிய பெருக்கெண் 17. ஆக, 32,13,000 ரூபாய். ஈமச்செலவு முதலிய தலைப்புகளில் சேரும் தொகையும் வட்டியும் இதற்கு மேல். வண்டிக்குக் காப்பீடு இல்லையெனில் இத்தொகை முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். சட்டப்படியான பாலிசியில் உயிரிழப்புக்கும் காயத்திற்கும் நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால், அதற்கான பிரிமியம் மிகையானதெனச் சொல்ல இயலுமா?

இனி, நான் மிகவும் கவலைக்குரியதாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். பழைய வண்டியை விற்பவர் 29, 30ஆம் எண் படிவங்களில் கையொப்பமிட்டு, பணத்தைப் பெற்றுக்கொண்டு, "இனி எனக்கும் அந்த வண்டிக்கும் தொடர்பில்லை" என்று நிம்மதியடைகிறார். வாங்கியவரோ பதிவுப் புத்தகத்தைத் தம் பெயருக்கு மாற்றாமல் ஓட்டுகிறார். சில மாதங்களில் வேறொருவருக்கு விற்றும் விடுகிறார். படிவம் மட்டும் தேதியின்றிக் கைமாறிக்கொண்டே போகிறது. இவ்வாறு பலரிடம் கைமாறிய கார் ஒன்று 2009இல் மோதிச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். பதிவேட்டில் எவர் பெயர் இருந்ததோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்றும், ஈடு செலுத்தும் கடமை அவருடையதே என்றும் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை விற்று ஏறத்தாழ இரண்டாண்டு ஆகியிருந்தது என்பது அவரைக் காக்கவில்லை. பாதிக்கப்பட்டவர், வண்டி யார் யாரிடம் போயிற்று என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பதே நீதிமன்றம் கண்ட நியாயம். அதை நாம் குறை கூற இயலாது.

வாங்குபவர் பக்கமும் ஒரு பிழை எண்ணம் உண்டு. வண்டியோடு பாலிசியும் தாமாகவே வந்துவிடுகிறது என நினைக்கின்றனர். மூன்றாம் தரப்பினரைப் பொறுத்தவரை அது உண்மையே. சட்டத்தின் 157ஆவது பிரிவு அவ்வாறு கொள்ளச் செய்கிறது. ஆனால், வண்டிக்கு நேரும் சொந்தச் சேதத்திற்கு இது பொருந்தாதென 1995இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. வாங்கிய பதினான்கு நாள்களுக்குள் நிறுவனத்திற்கு விண்ணப்பித்துப் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளாதவர், டெம்போ நொறுங்கினால் ஒரு காசும் பெற முடியாமற் போகலாம். முந்தைய உரிமையாளரின் 'நோ கிளெய்ம் போனஸ்' சலுகையும் அவரோடு போய்விடும். அச்சலுகை ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியதன்று.

அடுத்து, வண்டியில் ஏறியோர் அனைவரும் காக்கப்பட்டவர் என்ற நம்பிக்கை. திருமணத்திற்கும் கந்தூரிக்கும் திருவிழாவிற்கும் சரக்கு டெம்போவில் உறவினரை ஏற்றிச் செல்லும் வழக்கம் நம் மக்களிடையே உண்டு. சரக்கு வாகனத்தில் சரக்கின் உரிமையாளருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ தான் சட்டப் பாதுகாப்பு உண்டு. இலவசமாக ஏறி வந்தவர்க்குப் பொதுவாக இல்லை. 1999ஆம் ஆண்டில் இதற்கு மாறான தீர்ப்பொன்று வந்தது உண்மையே. ஆயினும் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு பின்னர் அதனை மாற்றிவிட்டது. மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் உள்ள மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்தவர் நிலையும் இதுவே. 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதனைச் சொல்கிறது. முழுமைப் பாலிசி எடுத்திருந்தால் நிலைமை வேறு. சிக்கனம் எங்கே செய்வது, எங்கே செய்யலாகாது என்பதைக் குடும்பத்தினரைப் பின்னால் ஏற்றிச் செல்பவர்கள் எண்ணிப் பார்ப்பது நலம்.

நிறுவனம் பணம் செலுத்திவிட்டது, தொல்லை தீர்ந்தது என்று எண்ணுவதும் சரியன்று. உரிமம் இல்லாதவரிடம் தெரிந்தே வண்டியை ஒப்படைத்த உரிமையாளரின் விஷயத்தில், பாதிக்கப்பட்டவர்க்கு முதலில் நிறுவனம் ஈடு கொடுக்கும். பின்னர் அதே தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும். 2004ஆம் ஆண்டு முதல் இம்முறை நிலைபெற்றிருக்கிறது. அதே வேளையில் ஓட்டுநர்களுக்கு ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. இலகுரக வாகன உரிமம் உள்ளவர், 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தைத் தனி அனுமதியின்றி ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. எனவே, "பேட்ஜ் இல்லை, கிளெய்ம் இல்லை" என்று எவரேனும் உங்களை அச்சுறுத்தினால் உடனே பின்வாங்கிவிடாதீர்கள். புகைச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது என்ற ஒரே காரணத்திற்காக ஈட்டை மறுக்க முடியாது என்றும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் விளக்கியுள்ளது.

முழுமைப் பாலிசி என்ற பெயரே ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து இந்நகரம் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் வைத்திருப்பவர்க்கு வெள்ளச் சேதத்தில் ஏதும் கிடைக்காது. முழுமைப் பாலிசி வெள்ளத்தை ஏற்கிறது; ஆனால், நீரில் நிற்கும் வண்டியை மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயன்று என்ஜினுக்குள் நீர் புகுந்து பழுதானால், அது வெள்ளத்தின் நேரடி விளைவன்று என்று நிறுவனம் வாதிடும். அதற்கெனத் தனிக் கட்டணத்தில் என்ஜின் பாதுகாப்பு உண்டு. தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருப்பாமல் இழுத்துச் செல்வது அதனினும் மலிவு! இங்கே கழிமுகத்தின் ஓரத்தில் வாழ்வோர்க்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று.

திருட்டுப் போனால் வாங்கிய விலை கிடைக்கும் என எதிர்பார்ப்போரும் உளர். பாலிசியில் குறித்துள்ள மதிப்பு தேய்மானம் கழித்தது: ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, ஈராண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. பழுதுபார்க்கையிலும் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலையே தரப்படும். பிரிமியத்தைக் குறைக்க இம்மதிப்பைத் தாழ்த்தி எழுதச் சொல்பவர், திருட்டு நேர்ந்த நாளில் அதன் விலையைக் கொடுக்கிறார்.

சிறு கீறலுக்கெல்லாம் ஈடு கோருவதும் எப்போதும் ஆதாயமாகாது. சொந்தச் சேதப் பிரிமியம் 10,000 ரூபாய், சலுகை 50 விழுக்காடு எனில் நீங்கள் கட்டுவது 5,000. இவ்வாண்டு 3,000 ரூபாய்ப் பழுதுக்கு ஈடு கேட்டால், கட்டாயக் கழிவு 1,000 போக 2,000 கிடைக்கும். மறுஆண்டு சலுகை அற்றுப்போய் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டி வரும். பாலிசி காலாவதியாகித் தொண்ணூறு நாள்களுக்குள் புதுப்பிக்காதவர்க்கும் இதே இழப்பு.

முகவரிடம் பணம் கொடுத்த அன்றே பாதுகாப்பு தொடங்கிவிட்டதென நம்புதலும் ஆபத்தானது. பிரிமியம் நிறுவனத்தைச் சேராமல் பொறுப்புத் தொடங்காது என்பது 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் விதி. அச்சிட்ட போலிப் பாலிசிகளும் உலவுகின்றன. போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாஹன் இணையத்தளத்தில் வண்டி எண்ணை இட்டுப் பார்த்தால், காப்பீடு எந்நாள் வரை உள்ளது என்பது தெரிந்துவிடும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இதை இரண்டு நிமிடத்தில் செய்து தருவார்கள்.

இறுதியாக, வண்டியே இல்லாதவர்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் இச்சட்டத்தில் பங்குண்டு. மோதிவிட்டு அடையாளம் தெரியாமல் ஓடிய வாகனத்தால் மரணம் நேர்ந்தால் 2 லட்சம் ரூபாயும், படுகாயத்திற்கு 50,000 ரூபாயும் 2022 ஏப்ரல் முதல் வழங்கப்படுகின்றன. முன்னர் இவை 25,000, 12,500 என இருந்தன. காயமுற்றவர்க்கு ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள கட்டணமில்லாச் சிகிச்சைக்கான திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கையாயிற்று. விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும் என்ற விதியும் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதனை எதிர்த்து வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. எனினும், வழக்கின் முடிவை நம்பிக் காலம் தாழ்த்த வேண்டாம். மனுவை விபத்து நடந்த ஊரில்தான் தர வேண்டும் என்பதும் தவறு. மனுதாரர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் தரலாம். திருநெல்வேலிச் சாலையில் தந்தையை இழந்த சீத்தா கேம்ப் குடும்பம், மும்பையிலேயே தன் மனுவைத் தாக்கல் செய்யலாம்.